இருமலுக்கு மிளகாய் நெடி மட்டும்தான் காரணமா?

இருமல் வந்தால் மக்கள் முதலில் மருத்துவரிடம் போவதில்லை, நம் கடைக்குத்தான் வருகிறார்கள். சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு என்று பொட்டலம் கட்டித் தருகிறோம். சளியோடு வந்த இருமல் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் தானே அடங்கிவிடும். பெயர் சுக்குக்குக் கிடைக்கும். அடங்காத இருமலைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தோம்.

எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் இரண்டு மாதம் இருமினார். மிளகாய் மூட்டை தூக்குகிறவருக்கு இருமல் வராமல் இருக்குமா என்று நாங்கள் விட்டுவிட்டோம். மாலையில் லேசான காய்ச்சல், உடம்பும் மெலிந்தது. கடைசியில் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. அதற்குள் அவர் வீட்டுக் குழந்தைக்கும் தொற்றிவிட்டது. மருந்தில் இருவரும் குணமாகிவிட்டார்கள். ஆனாலும் அந்த இரண்டு மாதம் எங்கள் பேரேட்டில் பற்றாகவே நிற்கிறது.

ஆகவே, காரணங்களைத் தரம் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, தொழில் தூசி. மிளகாய் நெடியால் வரும் இருமல் வெளிக்காற்றுக்கு வந்தால் அடங்கும். கோதுமை, மைதா மாவுத் தூசியோ சிலருக்கு ஆஸ்துமாவையே உண்டாக்கும். பூஞ்சை பிடித்த தானியத்தின் தூசி நுரையீரலைப் புண்படுத்தும். விடுமுறை நாளில் குறைந்து, கிடங்கைத் திறந்ததும் திரும்பும் இருமல் இந்த வகையாக இருக்கலாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும், கிடங்குக்குக் காற்றோட்டம் வைப்பதும் நல்லது. வண்டுக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்த கிடங்கில் இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் அதைத் தூசி என்று நினைக்கவே கூடாது. அந்த வாயு உயிரைப் பறிக்கும். உடனே வெளியேறி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, நம் பழக்கங்கள். இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, உடனே படுக்கிறோம். வயிற்றுப் புளிப்பு மேலேறித் தொண்டையை உறுத்தும். அதனாலும் இருமல் வரும். பீடி, சிகரெட் குடிப்பவர்கள் காலை இருமலைப் பழகிப்போனது என்று ஒதுக்குகிறார்கள். அந்த இருமலின் தன்மை மாறினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ தாமதிக்கக் கூடாது. நுரையீரல் புற்றுநோயும் இப்படித் தலைகாட்டலாம்.

மூன்றாவது, மாத்திரை. ரத்தக் கொதிப்புக்குத் தரும் எனாலபிரில், ராமிப்ரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். சில வாரங்களில் இருமல் நின்றுவிடும். நாமாக நிறுத்துவது ஆபத்து.

மூக்கடைப்பும், மூக்குநீர் தொண்டைக்குள் இறங்குவதும்கூட நாள்பட்ட இருமலுக்குக் காரணங்களே.

இத்தனை காரணங்கள் இருந்தாலும், இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாத மருந்து. நடுவில் நிறுத்தக் கூடாது. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது, 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம். அதன் முடிவுகள் 1959-ல் வெளியாயின.

கடைப் பையன்கள் இருமலை மறைப்பது வேலை போய்விடும் என்ற பயத்தினால்தான். "போய்க் காட்டிவிட்டு வா, உன் வேலை உனக்குத்தான்" என்று முதலாளி சொல்லும் ஒரு வார்த்தை பாதி மருந்து.

இனி பொட்டலம் கட்டும்போது, "எத்தனை நாளாக இருமல்?" என்று ஒரு வார்த்தை கேட்போம். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், சுக்கையும் கொடுப்போம், ஆஸ்பத்திரிக்கும் வழி சொல்வோம். அதனால் நம் வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடாது.