தழும்புகளில் கண்ட மெசியா



திருவருகைக் கால ஞாயிறு ஒன்றில் திருப்பலி முடிந்ததும், மறைக்கல்வி கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் தயக்கத்தோடு கேட்டார்: "ஃபாதர், கன்னியின் மகனைப் பற்றி எசாயா சொன்னது ஆகாசு அரசரிடம். அது இயேசு பிறக்க 700 ஆண்டுகளுக்கும் முன்பு. அதை இயேசுவைப் பற்றியது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேனே, தவறாகக் கற்பிக்கிறேனோ?"

மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

இறைவாக்கினர் சோதிடர் அல்லர். தம் காலத்து மக்களிடம் கடவுளின் பெயரால் பேசியவர். சிரியாவும் வடநாடான இஸ்ரயேலும் சேர்ந்து எருசலேமை நெருக்கியபோது, நடுங்கிய ஆகாசுக்கு ஒரு குழந்தையின் பிறப்பை எசாயா அடையாளமாகத் தந்தார். எபிரேயத்தில் அங்கு வரும் 'அல்மா' என்ற சொல் இளம்பெண்ணைக் குறிக்கும். பிற்காலத்தில் யூதர்களே அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது 'கன்னி' என்ற பொருளுள்ள சொல்லை இட்டனர். மத்தேயு நற்செய்தியாளர் அதையே எடுத்தாள்கிறார். 'இம்மானுவேல்' என்ற பெயரின் பொருள் அன்று ஓர் அரசருக்கு ஆறுதலாயிற்று. இயேசுவில் அது முழுமை பெற்றது. இதுவே நம் விசுவாசம். ஆகவே ஆசிரியை கற்பிப்பது தவறல்ல. ஆகாசின் கதையையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

'மெசியா' என்றால் எண்ணெயால் அருள்பொழிவு பெற்றவர், கிரேக்கத்தில் 'கிறிஸ்து'. தாவீதின் அரியணை என்றும் நிலைக்கும் என நாத்தான் இறைவாக்குரைத்தார். ஆனால் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை அழித்தனர். அரியணை போயிற்று, எதிர்நோக்கு போகவில்லை. உரோமையரின் கீழ் வாடிய யூதர் பலர், தங்களை மீட்கும் தாவீதின் மகனுக்காகக் காத்திருந்தனர்.

அந்த மக்களுள் ஒருவர்தான், நம் மயிலையில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு போற்றும் திருத்தூதர் தோமா. ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று மற்றவர்கள் சொன்னபோது அவர் காணக் கேட்டது அரியணையை அல்ல, ஆணித் தழும்புகளை! எசாயா நூலின் 53-ஆம் அதிகாரம் பிறருக்காகத் துன்புறும் ஊழியரைக் காட்டுகிறது. அவர் இஸ்ரயேல் மக்களையே குறிக்கிறார் என்பது யூதரிடையே நெடுங்காலமாக உள்ள விளக்கம். இது யாரைப் பற்றியது என்று எத்தியோப்பிய அலுவலரும் பிலிப்பிடம் கேட்டார். உயிர்ப்பின் ஒளியில் பின்னோக்கி வாசித்த திருச்சபை, அந்த ஊழியரில் இயேசுவின் முகத்தைக் கண்டது. தோமாவும் தழும்புகளைக் கண்டே அவரை ஆண்டவர், கடவுள் என்று அறிக்கையிட்டார்.

சாந்தோம் பேராலயத்திலிருந்து சற்றுத் தொலைவில், லாயிட்ஸ் சாலையில், யூதர்களின் சிறிய கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. 17-ஆம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் வணிகம் செய்ய யூதர்கள் சென்னைக்கு வந்தனர். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அவர்களை இன்றும் நினைவூட்டுகிறது. அவர்களும் எசாயாவை வாசித்தவர்களே. யூதர்களைக் கடவுளால் கைவிடப்பட்டவர்களாகக் காட்டக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாக்கியது. அவர்களுடைய மெசியா எதிர்நோக்கு வீணானதன்று எனப் பாப்பிறை விவிலிய ஆணையம் 2001-இல் கூறியது. நாமும் காத்திருப்பவர்கள்தானே! அவர் மீண்டும் வருவார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோமே!

அன்பர்களே, நாம் தேடும் மெசியா யார்? வேலை, வீடு, விசா எல்லாவற்றையும் உடனே முடித்துத் தரும் அரசரா? மருத்துவமனை வாசலில், கேட்டது கிடைக்காமல் நாம் கலங்கி நிற்கும்போதும், தழும்புள்ள கரங்களோடு அருகில் நிற்கும் இம்மானுவேலா? இந்தத் திருவருகைக் காலத்தில் முதல் வாசகத்தைச் சற்றுக் கூடுதல் கவனத்தோடு கேட்போம். தோமாவைப் போல் துணிந்து கேட்போம். அவரைப் போலவே பணிந்து நம்புவோம்.