இரவல் கொடுக்க இயலாத விளையாட்டு

கடைக்கே வராத ஒரு பொருளுக்காகக் கட்சி பிரிந்து சண்டையிடுவார் உண்டோ? உண்டு. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நவம்பர் வரை, ஏறத்தாழ ஒன்பது மாதங்கள், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எண்ணற்ற இளைஞர்கள் இரண்டு விளையாட்டுக் கருவிகளைப் பற்றி அல்லும் பகலும் வாதிட்டனர். அவற்றைக் கையால் தொட்டுப் பார்த்தவர் அவர்களுள் மிகச் சிலரே. ஒன்று, ஜப்பானிய நிறுவனமான சோனியின் 'பிளேஸ்டேஷன் 4'. மற்றொன்று, அமெரிக்க நிறுவனமான மைக்ரோசாஃப்டின் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்'. இரண்டும் தொலைக்காட்சியுடன் இணைத்து வீடியோ விளையாட்டு ஆடுவதற்கான பெட்டிகள்.

'வீடியோ விளையாட்டா? பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் அந்தச் சனியனைப் பற்றி நமக்கென்ன?' என்று பெற்றோர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. அந்த வாதம் எங்கோ தொடங்கி, எந்தக் குடும்பமும் ஒதுக்கிவிட முடியாத ஒரு கேள்வியில் வந்து நின்றது. காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்குச் சொந்தமா, இல்லையா என்பதே அந்தக் கேள்வி.

தொடக்கத்தில் வாதம் கருவிகளின் ஆற்றலைப் பற்றியதாகவே இருந்தது. பிப்ரவரி 20-ஆம் நாள் நியூயார்க் நகரில் சோனி தன் புதிய கருவியை அறிவித்தது. ஆனால் கையில் பிடித்து ஆடும் பிடியை மட்டும் காட்டிற்று. பெட்டியைக் கண்ணில் காட்டவே இல்லை. மணமகளைக் காட்டாமலே நிச்சயதார்த்தம் நடத்திய கதைதான்! மே 21-ஆம் நாள் ரெட்மாண்ட் நகரிலுள்ள தன் வளாகத்தில் கூடாரம் அமைத்து மைக்ரோசாஃப்ட் விழா எடுத்தது. அங்கே பெட்டியைக் காட்டினார்கள். ஆனால் அதில் விளையாடுவதைவிடத் தொலைக்காட்சி பார்ப்பதைப் பற்றியே மிகுதியாகப் பேசினார்கள். இரு கருவிகளின் மூளையையும் ஏ.எம்.டி. என்னும் ஒரே நிறுவனம்தான் செய்து கொடுத்தது. சோனியின் கருவியில் படம் வரையும் கணக்கீட்டு அலகுகள் 18. மைக்ரோசாஃப்டின் கருவியில் 12. நினைவகம் இரண்டிலும் 8 கிகாபைட். சோனி பொருத்தியது வேகம் மிகுந்த வகை. இந்த எண்களை வைத்துக்கொண்டு இளைஞர்கள் வாரக்கணக்கில் மோதிக்கொண்டனர். ஆடிப் பாராத ஆட்டத்திற்கு எண்கள்தாமே சாட்சி!

நிற்க. உண்மையான வழக்கு தொடங்கியது ஜூன் திங்களிலேதான். அதைப் புரிந்துகொள்ள அதுவரை இருந்த வழக்கத்தை அறிய வேண்டும். அமெரிக்காவில் ஒரு புதிய விளையாட்டுத் தட்டின் விலை ஏறத்தாழ 60 டாலர். இரண்டு கருவிகளையும் பற்றிப் பேசிய பெரும்பாலோருக்கு அது சிறிய தொகையன்று. ஆகவே ஒரு பையன் ஒன்றை வாங்கி ஆடி முடித்தபின் அடுத்த வீட்டு நண்பனுக்கு இரவல் கொடுப்பான். அவனிடமுள்ளதைத் தான் வாங்கி ஆடுவான். அல்லது பழைய தட்டுகளை வாங்கும் கடையில் கொடுத்துக் காசாக்கி, அடுத்த விளையாட்டுக்கு அதைச் சேர்த்துக்கொள்வான். கடைக்காரர் அதே தட்டைப் புதியதைவிடச் சில டாலர் குறைத்து இன்னொருவருக்கு விற்பார். ஒரு தட்டு நான்கைந்து கைகள் மாறுவதுண்டு.

இதில் விளையாட்டைத் தயாரித்தவர்களுக்கு மனக்குறை இருந்தது. முதல் விற்பனையில் மட்டுமே அவர்களுக்குப் பங்கு. பிறகு நடக்கும் விற்பனைகளில் ஒரு காசும் இல்லை. ஒரு பெரிய விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர் என்பதை நினைத்தால், அந்தக் குறையை நாம் ஏளனம் செய்யலாகாது. ஆயினும் மிதிவண்டி செய்தவரும் தையற்பொறி செய்தவரும் இதே குறையைச் சொல்லலாமே! அவர்கள் செய்த பொருளும் கை மாறிக்கொண்டுதானே இருக்கிறது?

புத்தகம் வெளியிட்டவர்கள் சொல்லியே பார்த்தார்கள். பாப்ஸ்-மெரில் என்னும் அமெரிக்கப் பதிப்பகம், ஒரு நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் அது பதிப்புரிமையை மீறிய குற்றமாகும் என்று நூலுக்குள்ளேயே அச்சிட்டது. நியூயார்க்கின் புகழ்பெற்ற மேசீஸ் அங்காடி அதைப் பொருட்படுத்தாமல் 89 காசுக்கு விற்றது. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஒருமுறை விற்றுவிட்ட நூலின் மறுவிற்பனையைப் பதிப்புரிமை கட்டுப்படுத்தாது என்று 1908-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே அக்கொள்கை சட்டத்திலும் இடம்பெற்றது. பழைய புத்தகக் கடையும் இரவல் நூலகமும் அந்த நாட்டில் அச்சமின்றி நடப்பது இந்தக் கொள்கையின் நிழலிலேதான்.

இந்தப் பின்னணியில்தான் 2013 ஜூன் 6-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் தன் விதிகளை வெளியிட்டது. எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவி 24 மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் இணையத்தோடு தொடர்பு கொள்ளவேண்டும். தவறினால் விளையாட்டு ஓடாது. தட்டு கையில் இருந்தாலும் ஆடும் உரிமை நிறுவனத்தின் ஏட்டில் பதிவாகும். அந்தத் தட்டை நண்பனுக்குக் கொடுக்கலாம்; ஆனால் அவன் குறைந்தது 30 நாள்களாக உங்கள் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும்; அதுவும் ஒரு விளையாட்டு ஒரே ஒருமுறைதான் கை மாறலாம். பழைய தட்டை விற்பதென்றால், தயாரிப்பாளர் இசைவு தந்தால் மட்டும், அதற்கென ஏற்ற கடைகளில் மட்டும் விற்கலாம். இரவல் கொடுப்பதோ வாடகைக்கு விடுவதோ தொடக்கத்தில் இயலாது.

நண்பன் யார் என்பதை முப்பது நாள் கணக்கால் அளந்ததே இவ்விதிகளுள் விந்தையானது. அண்டை வீட்டார் ஒரு குத்தாலம் கேட்டு வந்தால், 'நாம் பழகி ஒரு மாதம் ஆயிற்றா?' என்று நாட்காட்டியைப் பார்த்துவிட்டா கொடுக்கிறோம்?

எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் எழுந்தது. இணைய வசதி சரியாக எட்டாத சிற்றூர்களில் வாழ்வோர் கேட்டனர். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் கடற்படையினரும் கேட்டனர்: 'நாங்கள் எப்படி நாள்தோறும் இணைப்புக் கொடுப்பது?' எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த டான் மேட்ரிக், இணைப்பில்லாதவர்களுக்கென ஏற்கெனவே 'எக்ஸ்பாக்ஸ் 360' என்னும் கருவி இருக்கிறதே என்ற பொருள்பட விடையளித்தார். அது தங்களுடைய எட்டாண்டுப் பழைய கருவி! புதுச்சட்டை கேட்ட பிள்ளையிடம் 'பழையது பெட்டியில் இருக்கிறது, போட்டுக்கொள்' என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்குமோ அதுவே அங்கும் நடந்தது.

அதே கருவியுடன் 'கினெக்ட்' என்னும் ஒளிப்படக் கண்ணும் ஒலிவாங்கியும் கட்டாயமாக இணைந்து வந்தன. கருவி உறங்கும்போதும், 'எழு' என்னும் ஆணைக்காக அது செவிசாய்த்துக் கொண்டிருக்கும். விதிகள் வெளியான அதே வாரத்தில், அமெரிக்க அரசு மக்களின் இணையச் செய்திகளைக் கண்காணிக்கிறது என்ற இரகசியத்தை எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். அந்தச் செய்திகளில் மைக்ரோசாஃப்டின் பெயரும் அடிபட்டது. குடும்பத்தார் கூடிப் பேசும் கூடத்தில் ஒரு கண்ணையும் காதையும் வைத்துக்கொள்வதா என்று பலர் தயங்கியதில் வியப்பென்ன?

ஜூன் 10-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஈ-3 எனப்படும் ஆண்டுக் கண்காட்சியை ஒட்டி இரு நிறுவனங்களும் கூட்டம் நடத்தின. காலையில் மைக்ரோசாஃப்ட் விலை சொன்னது: 499 டாலர். மாலையில் சோனியின் முறை. அதன் அமெரிக்கப் பிரிவின் தலைவர் ஜாக் டிரெட்டன் மேடையேறி, பழைய தட்டுகளுக்கு எங்கள் கருவியில் தடையில்லை, நாள்தோறும் இணைப்பும் வேண்டியதில்லை என்று அறிவித்தபோது அரங்கம் ஆரவாரத்தால் அதிர்ந்தது. விலை 399 டாலர் என்றதும் ஆரவாரம் மீண்டும் எழுந்தது. விளையாட்டை இரவல் கொடுப்பது எப்படி என்று விளக்கும் ஒரு குறும்படத்தையும் சோனி வெளியிட்டது. ஒருவர் தட்டை நீட்டுகிறார். மற்றவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார். அரை நிமிடம்கூட இல்லாத அப்படத்தில் வேறொன்றும் இல்லை.

கைதட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். முந்தைய பிளேஸ்டேஷனில் இணையம்வழி பலர் கூடி ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. புதியதிலோ பெரும்பாலான விளையாட்டுகளை அவ்வாறு ஆடச் சந்தா கட்ட வேண்டும் என்பதும் அன்றைய அறிவிப்புகளோடு வந்தது. மைக்ரோசாஃப்ட் அத்தகைய கட்டணத்தை முன்பே வாங்கி வந்தது என்றாலும், மீட்பராகக் கொண்டாடப்பட்டவரின் கையிலும் பற்றுச்சீட்டு இருந்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஜூன் 19-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் பணிந்தது. விதிகள் வெளியாகிப் பதின்மூன்றே நாள்கள்! 24 மணி நேர நிபந்தனை நீங்கியது. தட்டை விற்கலாம், இரவல் கொடுக்கலாம், தடையில்லை என்றது. ஜூலைத் தொடக்கத்தில் மேட்ரிக் வேறொரு நிறுவனத்திற்குச் சென்றார். கினெக்ட் இல்லாமலும் கருவி இயங்கும் என்று ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது.

இந்த வெற்றியில் ஓர் இழப்பும் இருந்தது. கைவிடப்பட்ட திட்டத்தில் ஒரு நல்ல பகுதி உண்டு: ஒருவர் வாங்கிய விளையாட்டுகளைக் குடும்பத்தினர் பத்துப் பேர்வரை, எங்கிருந்தாலும், பகிர்ந்து ஆடலாம் என்பது. வெளியூரில் படிக்கும் மகனும் வீட்டிலிருக்கும் தங்கையும் ஒரே நூலகத்தைப் பயன்படுத்தியிருக்கலாம். விதிகளோடு சேர்ந்து அதுவும் போயிற்று. நிறுவனம் அதை முதலில் சொல்லி, கட்டுப்பாட்டைப் பிறகு சொல்லியிருந்தால் வாதம் வேறுவிதமாகப் போயிருக்கும் என்றே தோன்றுகிறது.

நவம்பர் 15-இல் பிளேஸ்டேஷனும் 22-இல் எக்ஸ்பாக்ஸும் கடைக்கு வந்தன. முதல் நாளிலேயே ஒவ்வொன்றும் பத்து இலட்சத்திற்கு மேல் விற்றதாக அந்தந்த நிறுவனம் கூறியது. அப்படியானால் வாதமெல்லாம் வீணா? ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் விடை தெரிந்தது. 2014 ஜூனில் கினெக்டை நீக்கி மைக்ரோசாஃப்டும் விலையை 399 டாலராகக் குறைத்தது. 2017-இல் கினெக்ட் தயாரிப்பே நின்றுபோயிற்று. பிளேஸ்டேஷன் 4 பதினொரு கோடிக்கு மேல் விற்றது. மைக்ரோசாஃப்டோ தன் மொத்த விற்பனையைச் சொல்வதையே இடையில் நிறுத்திக்கொண்டது. விதியைத் திருத்தினார்கள், விலையையும் குறைத்தார்கள். ஆனால் கருவியைக் காணுமுன்பே மக்கள் மனத்தில் விழுந்த ஐயத்தை அவர்களால் துடைக்க முடியவில்லை.

எனினும் வாசல்வழி விரட்டியது கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தது. தட்டே வேண்டா, இணையத்திலிருந்து நேரே இறக்கிக்கொள்ளலாம் என்ற வசதி வளர்ந்தது. நள்ளிரவிலும் வாங்கலாம், தட்டு கீறிப்போகும் என்ற கவலையில்லை. அவ்வாறு இறக்கியதை விற்கவும் முடியாது, நண்பனிடம் நீட்டவும் முடியாது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தட்டுப் போடும் வாயில்லாத கருவியையே விற்றது. 2020-இல் பிளேஸ்டேஷன் 5-இன் ஒரு வகையும் அவ்வாறே வந்தது, தட்டுள்ள வகையைவிட 100 டாலர் குறைவாக. 2013-இல் கொதித்தெழுந்தவர்களிற் பலர் இதை வாய்திறவாமல் வாங்கினர். விதியாக வந்தபோது மறுத்ததை, வசதியாகவும் தள்ளுபடியாகவும் வந்தபோது ஏற்றுக்கொண்டனர்.

கலிஃபோர்னியா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. இணையத்தில் விற்கப்படும் விளையாட்டோ நூலோ திரைப்படமோ வாங்குபவருக்குச் சொந்தமாகாமல் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே கிடைக்குமானால், 'வாங்குக' என்று வெறுமனே எழுதி விற்கலாகாது. உண்மையைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். அதே 2025-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், இறக்கிய விளையாட்டையும் இரவல் கொடுக்க ஒரு வழி செய்தது. குடும்பத்தார் எனப் பதிவு செய்தவர்க்குள் மட்டும் கொடுக்கலாம். கொடுக்கும்போது இரு கருவிகளும் அருகருகே இருக்கவேண்டும். பதினான்கு நாள் கழிந்ததும் விளையாட்டு தானாகவே கொடுத்தவரிடம் திரும்பிவிடும்.