கட்டாய இனாம்

இனாம் என்பது கொடுப்பவன் மனமுவந்து கொடுப்பது. கட்டாயப்படுத்தி வாங்கினால் அது இனாமாகாது, வரியாகும். வரி விதிக்கும் அதிகாரமோ ஜனங்களின் பிரதிநிதிகள் அடங்கிய சட்டசபைகளுக்கன்றி வேறெவருக்கும் இல்லை. இவ்வளவு சாதாரணமான நியாயத்தை நிலைநாட்டுவதற்கு நமது தேசத்தில் எட்டு வருஷ காலம் வாதாட வேண்டியிருந்தது என்பது விசித்திரமே.

சுந்தரபாண்டியத்திலோ வத்திராயிருப்பிலோ ஒரு காப்பிக் கடைக்குச் செல்பவன் பலகையில் எழுதியுள்ள விலையைக் கொடுத்துவிட்டு எழுந்து வருகிறான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சன்னிதிக்கு வருபவரும், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலையேறுபவரும், சாரல் காலத்தில் ராஜபாளையம் வழியாகக் குற்றாலம் செல்பவரும் இப்பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் உண்கிறார்கள். மனமிருந்தால் பரிமாறியவன் கையில் ஐந்தோ பத்தோ வைக்கிறார்கள், இல்லாவிட்டால் இல்லை. அதைக் கேட்பாருமில்லை, அதற்காக முகஞ்சுளிப்பாருமில்லை.

ஆனால் அதே மனிதர் பெரிய பட்டணங்களிலும் உல்லாசப் பிரயாணிகள் கூடும் ஸ்தலங்களிலும் உள்ள சில விடுதிகளுக்குக் குடும்பத்தோடு சென்றால் விஷயம் வேறாகிறது. பில்லின் அடியில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி நிற்கிறது. ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டவர் நூற்றுக்குப் பத்து வீதம் நூறு ரூபாய் அதிகம் தர வேண்டும். அவ்வளவோடு நின்றதா? ஆயிரத்து நூறு ரூபாய்க்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. கணக்கிடப்படுகிறது. வரி நூற்றுக்கு ஐந்தானால் 1,050 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பில் 1,155 ரூபாயாகிறது. கேளாத இனாமைக் கொடுத்ததோடு அவ்வினாமுக்கு வரியும் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டவர் வெளியே வருகிறார். அதுவும் சர்க்கார் வரிகளில் ஒன்று போலும் என்று எண்ணிப் பேசாமல் கொடுப்போரே பெரும்பாலோர்.

மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா 2017 ஏப்ரலிலேயே, இக்கட்டணம் கொடுப்பவர் இஷ்டத்தைப் பொறுத்ததென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் முதலாளிகளில் பலர் அதை மதிக்கவில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி திட்டவட்டமான விதிகளை வெளியிட்டது. எந்த விடுதியும் இக்கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது. வேறு பெயர் சூட்டியும் வாங்கக்கூடாது. கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமலோ அவருக்குப் பரிமாறாமலோ இருக்கக்கூடாது. அதை உணவின் விலையோடு சேர்த்து அதன்மீது ஜி.எஸ்.டி. வசூலிக்கவும் கூடாது என்பவையே அவை. முதலாளிகளின் இரண்டு அகில இந்திய சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டுக்குச் சென்றன. அம்மாதம் 20-ஆம் தேதியே இடைக்காலத் தடை கிடைத்தது. 2025 மார்ச் 28-ஆம் தேதி நீதிபதி பிரதிபா சிங் அவ்விரு மனுக்களையும் தள்ளி, சங்கம் ஒன்றுக்கு லட்சம் ரூபாய் வீதம் செலவுத் தொகையும் விதித்தார். சங்கத்தார் அப்பீல் செய்தனர். தீர்ப்புக்குப் பின்னரும் டில்லியில் சில விடுதிகள் அக்கட்டணத்தை வசூலிக்க, ஆணையம் தானாகவே அவற்றின்மீது நடவடிக்கை எடுக்க நேர்ந்தது.

முதலாளிகள் தரப்பில் கூறப்பட்ட வாதங்களை நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. மெனுவிலேயே இக்கட்டணத்தை அச்சிட்டிருக்கிறோம். அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தவர் ஒப்புக்கொண்டவரே என்பது முதல் வாதம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் வேண்டுவது வெறும் சம்மதமன்று, மனப்பூர்வமான சம்மதம். குழந்தைகளுடன் பசியோடு வந்து அமர்ந்தவர் மெனுவின் அடியில் பொடி எழுத்தில் உள்ளதைத் தேடிப் படித்து, பிடிக்காவிட்டால் எழுந்து போயிருக்க வேண்டுமென்பது வக்கீல்களின் சாதுரியமேயன்றி உலக நடப்பாகாது. மேலும், உணவு கொண்டுவந்து வைப்பதற்குத் தனிக் கட்டணமென்றால், விலையாக வாங்கிய பணம் எதற்காக? அடுப்பங்கரையில் நாமே சென்று எடுத்துக்கொள்ளவா?

இது வெகு நாளைய வழக்கம் என்பது இரண்டாவது வாதம். வழக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு வங்காளத்து ஜமீன்தார்களின் ஞாபகம் வருகிறது. அவர்கள் குடிகளிடம் குத்தகையோடு நில்லாமல், கலியாணத்துக்கு இவ்வளவு, திருவிழாவுக்கு இவ்வளவு என்று 'அப்வாப்' என்ற பெயரால் உபரி வசூல்கள் செய்துவந்தார்கள். நிரந்தர நிலவரித் திட்டம் வந்த 1793-ஆம் வருஷத்தில் கம்பெனியார் செய்த எட்டாவது ரெகுலேஷன் அவற்றையெல்லாம் அசல் தொகையோடு சேர்த்து ஒரே தொகையாக்க வேண்டுமென்றும், புதிதாக எதையும் விதிக்கக்கூடாதென்றும் கூறிற்று. அந்நிய வியாபாரிகளின் ஆட்சி ஏழைக் குடியானவனுக்கு நன்மை செய்யவே வந்தது என்று எவரும் சொல்லார். அவ்வாட்சிக்கே இவ்வநியாயம் கண்ணில் பட்டது. சட்டம் வந்த பின்பும் ஜமீன்தார்கள் வசூலை விடவில்லை. குடிகள் விழித்துக்கொள்ளாத வரையில் எந்தச் சட்டமும் காகிதமே என்ற பாடமும் அச்சரித்திரத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது வாதமே கனமானது. இப்பணம் சிப்பந்திகளுக்குப் போகிறது. பரிமாறுபவனுக்கு மட்டுமன்றி, சமையற்காரனுக்கும் பாத்திரம் துலக்குபவனுக்கும் பங்கு கிடைக்கிறது. இதை நிறுத்தினால் ஏழைத் தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகும் என்கிறார்கள். தொழிலாளியின் பெயரைக் கேட்டதும் தேசபக்தர்களின் மனம் இளகும் என்பதை அவர்கள் அறிவார்கள். நாம் கேட்பது ஒன்றே: அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் யார்? அவர்களை வேலைக்கு வைத்தவரா, ஒருவேளை சாப்பிட வந்தவரா? 1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், 1958-இல் சென்னை ராஜ்யத்தில் உணவு விடுதிச் சிப்பந்திகளுக்கென்றே ஒரு தனிச் சட்டமும், 2019-இல் புதிய கூலிச் சட்டமும் இயற்றப்பட்டது கூலி முதலாளியின் கடமை என்பதனால்தான்.

கட்டணம் சிப்பந்தியைச் சென்று சேர்கிறது என்பதற்குச் சாட்சி யார்? பில்லின் தொகை கல்லாவுக்குள் செல்வதை நாம் காண்கிறோம். அங்கிருந்து எங்கே செல்கிறதென்பதைக் காண்பதில்லை. நம் ஹோட்டல்களில் இன்று இலை போடுபவர்களிலும் மேஜை துடைப்பவர்களிலும் பலர் பீஹாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த இளைஞர்கள். பாஷை தெரியாது, இவ்வூரில் வோட்டு கிடையாது, சங்கம் கிடையாது. தன் பெயரால் எவ்வளவு வசூலாயிற்று என்று கணக்குக் கேட்க அப்பிள்ளைக்கு நாவெழுமா?

ஹோட்டல் நிர்வாகம் கார்டு மூலம் இனாமை வசூலித்துச் சிப்பந்திகளுக்குப் பங்கிடுவது பற்றிய ஐ.டி.சி. வழக்கில் 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உண்மையைத் தெளிவாக்கிற்று. அவ்வாறு வரும் இனாம் முதலாளி தரும் சம்பளமன்று. அவர் கையில் அது நம்பிக்கையின்பேரில் இருக்கும் பிறர் சொத்து என்பதே அது. பிறர் சொத்தை வைத்திருப்பவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்பதைச் சட்டம் படியாதவரும் அறிவர்.

பிற தேசங்களின் நடப்பைப் பார்ப்போம். பிரான்சில் விலைப்பட்டியலில் போட்டிருக்கும் விலையிலேயே பரிமாறும் கூலியும் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் 2023-இல் இயற்றி 2024 அக்டோபரில் அமுலுக்கு வந்த சட்டம், இனாமும் சேவைக் கட்டணமும் முழுவதும் சிப்பந்திகளையே சேர வேண்டுமென்று விதிக்கிறது. அமெரிக்காவிலோ இனாம் பெறும் சிப்பந்திக்கு முதலாளி கொடுக்க வேண்டிய கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் என்று 1991 முதல் அப்படியே நிற்கிறது. மிச்சத்துக்கு அவன் வருவோர் முகத்தைப் பார்க்க வேண்டும். இம்மூன்றில் நமக்குத் தக்கவை முதலிரண்டே. மூன்றாவது, உழைப்பாளியை யாசகனாக்கும் வழி.

ஆகையால் செய்ய வேண்டியவை தெளிவாயிருக்கின்றன. சிப்பந்திக்கு நியாயமான கூலி கொடுப்பதற்கு விலையை உயர்த்த வேண்டுமானால் முதலாளிகள் தாராளமாக உயர்த்தட்டும், அதைப் பலகையிலும் மெனுவிலும் வெளிப்படையாக எழுதட்டும், பிடித்தவர் சாப்பிடுவார். ஜனங்கள் மனமுவந்து கொடுப்பது கடைசிக் காசுவரை சிப்பந்திகளுக்கே சேர வேண்டுமென்று இங்கும் ஒரு சட்டம் வர வேண்டும். பாத்திரம் துலக்குபவனுக்கும் பங்கு வேண்டுமென்ற முதலாளிகளின் பரிவு உண்மையானால், அச்சட்டத்தை முதலில் ஆதரிப்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள்.

நமது வாசகர்களுக்கும் கடமை உண்டு. பில்லில் இவ்வரியைக் கண்டால் நீக்கும்படி கேளுங்கள். பில் கொண்டுவரும் பையனிடம் கோபிக்க வேண்டாம். அதை எழுதியவன் அவனல்லன். நிர்வாகியை அழைத்துக் கேளுங்கள். மறுத்தால் பில்லைப் பத்திரப்படுத்தி, 1915 என்ற எண்ணுக்கோ, ஜில்லா கலெக்டருக்கோ, நுகர்வோர் கமிஷனுக்கோ புகார் செய்யுங்கள். நூறு ரூபாய்க்காக இவ்வளவு சிரமமா என்று எண்ணற்க. சிறு தொகையென்று விட்டுக்கொடுத்த மாமூல்களே நாளடைவில் உரிமைகளாக வேரூன்றிவிட்டன. பின்னர், நன்றாகப் பரிமாறிய அப்பையனின் கையில் உங்களால் இயன்றதை நேரில் கொடுத்துவிட்டு வாருங்கள். இனாம் என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருளுண்டு.