மண்சரிவும் மக்கள் அறிவும்
ஊவாத் தோட்டங்களில் விஞ்ஞானம் பரவும் முறை பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானத்தைப் பொதுமக்களிடம் கொண்டு செல்லுதல் பற்றித் தமிழில் நிகழ்ந்துள்ள விவாதங்கள் பெரும்பாலும் மொழியை மையமாகக் கொண்டவை. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் பிஷ் கிறீன் 1864இல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கிய காலம் முதலாகக் கலைச்சொல்லாக்கம், எளிய நடை, பாடநூல் என்பனவே நம்முன் நின்ற வினாக்கள். அவை இன்றியமையாத வினாக்களே. ஆயினும், சொல் எளிதானால் அறிவு மக்களைச் சென்றடைந்துவிடும் எனக் கொள்வது, அவ்வறிவைப் பெறுவோர் எத்தகைய சமூக உறவுகளுள் வாழ்கின்றனர் என்பதை மறந்துவிடுவதாகும். பதுளை மாவட்டத் தோட்டங்களின் மண்சரிவு அனுபவத்தைக் கொண்டு இதனை ஈண்டு விளக்க முயல்வோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரதேசத்தைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு பெயர்ந்து லயன்களை மூடியது. பலர் உயிரிழந்தனர், பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்விடம் அபாயமானது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 1990இல் தொடங்கிய மண்சரிவு அபாய வரைபடப் பணியில் முதற்கண் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவுமே. மீரியபெத்தை மக்களை வேறிடத்திற் குடியமர்த்த வேண்டும் என 2005இலும் 2011இலும் அறிவுறுத்தப்பட்டிருந்தது. ஆகவே விஞ்ஞானம் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. எச்சரிக்கைக்கும் மக்களுக்கும் இடையில் நின்றது யாது என்பதே நாம் ஆராய வேண்டியது.

மக்களின் அறியாமை என்பது நடுத்தர வர்க்கத்தினர் பலரும் எளிதிற் கூறும் விடை. அது உண்மையை மறைக்கும் விடையும் ஆகும். காடழித்து அச்சரிவுகளிற் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் பயிரிட்டது 19ஆம் நூற்றாண்டுத் தோட்ட மூலதனம். லயன் எங்கே அமையவேண்டும் எனத் தீர்மானித்ததும் அதுவே. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தும் தொழிலாளிக்கு அறையோ அது நிற்கும் நிலமோ உரித்தாகவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்காகச் சபைகள் நிதி செலவிடுவதற்குத் தடையாக நின்றது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. இத்தகைய நிலையிலுள்ள ஒருவரிடம் ‘வெளியேறுங்கள்’ எனக் கூறின், ‘எங்கே?’ என்று கேட்பதே அவருக்கு இயல்பு. ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடின் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிடின் சம்பளம் இல்லை. செல்லிடமும் கூலியும் பற்றிய இக்கணக்கை அறியாமை எனல் பொருந்தாது.

இனி, செய்தி சென்ற வழியை நோக்குவோம். தோட்டத்திலே தகவல்தொடர்பு இல்லாதிருந்ததில்லை. விடியுமுன் தப்பு முழங்கும். அனைவரும் பெரட்டுக்களத்திற் கூடுவர். துரையின் சொல் கணக்குப்பிள்ளை வழியாகவும் கங்காணி வழியாகவும் ஒவ்வொரு லயக்காம்பிராவையும் எட்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செம்மையாகத் தொழிற்பட்ட தொடர்புமுறை அது. ஆனால் அதன் வழியே சென்றது கட்டளையேயன்றி விளக்கமன்று. மேலிருந்து கீழே வரும் சொல்லுக்குக் காரணம் கேட்கும் வழக்கம் அங்கு வளரவிடப்படவில்லை. விஞ்ஞான எச்சரிக்கையும் இதே வழியால், காரணம் கூறப்படாது வந்து சேர்கையில், அது மற்றுமொரு கட்டளையாகவே கேட்கப்படுகின்றது. இரண்டொரு முறை வெளியேறிப் பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ தங்கி, மலை இடியாதிருக்கத் திரும்பிய பின்னர், அடுத்த கட்டளையின் மதிப்புக் குறைவதும் இயல்பே.

காரணத்தைக் கூறுவது கடினமா? அன்று. ஊவாவின் சரிவுகள் பலவற்றில், உறுதியான பாறையின்மேல், முன்னைய சரிவுகளாற் கொண்டுவரப்பட்ட மண்ணும் கல்லும் கலந்த தளர்ந்த படை கிடக்கின்றது. நீடித்த மழையில் நீர் இப்படையுட் புகுந்து மண்ணின் இடைவெளிகளை நிரப்புகின்றது. அந்நீரின் அமுக்கம் மண்துணிக்கைகளை ஒன்றினின்று ஒன்று விலக்க, அவற்றைப் பிணித்து நிறுத்தும் உராய்வு குறைகின்றது. நீரால் மண்ணின் பாரமோ கூடுகின்றது. பிடி தளர்ந்து பாரம் மிஞ்சும் கணத்திற் சரிவு பெயர்கின்றது.

இதனை விளங்கிக்கொள்ளத் தோட்டத் தொழிலாளிக்குப் புதிய உலகம் எதுவும் வேண்டியதில்லை. மலையிலே கான் வெட்டியவருக்கு நீர் எவ்வழி ஓடும், எங்கு தேங்கும், கான் தூர்ந்தால் மண் என்னவாகும் என்பன கையறிவு. கானைப் பற்றிய அந்த அறிவிலிருந்தே மண்ணீரமுக்கம் பற்றிய விளக்கம் தொடங்கப்பட வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று, முன்பில்லாத இடத்திற் கசியும் நீர் ஆகிய அபாய அறிகுறிகளை முதலிற் காண்பவரும் அவரே.

மழையளவு பற்றிய அறிவித்தலும் இவ்வாறே. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழிப்பாயிருத்தலையும், 100 மில்லிமீற்றர் வெளியேற ஆயத்தமாயிருத்தலையும், 150 மில்லிமீற்றர் வெளியேறுதலையும் குறிக்கும் அளவுகள். ஒரு மணித்தியாலத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்யினும் வெளியேற வேண்டும். வானொலியில் இவ்வெண்களைக் கேட்பவருக்கு அவை வெறும் எண்கள். நேரான சுவருள்ள தட்டையான அடிப்பாத்திரமொன்றைத் திறந்த வெளியில் வைத்து, அதில் நிற்கும் நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் மழையளவு கிடைக்கும் எனக் காட்டிவிடின், அவ்வெண் லயத்து முற்றத்துக்கு வந்துவிடுகின்றது. நகரத்து மானி காட்டும் மழை வேறு, தம் மலையில் விழும் மழை வேறு என்பதையும் மக்கள் தாமே கண்டுகொள்வர். அளப்பவர் அறிவித்தலுக்காகக் காத்திருப்பவராக மட்டும் இருப்பதில்லை, தாமும் அறிவிப்பவராகின்றார்.

அறிவு கீழிருந்து மேலே செல்லும் வழி அடைபட்டால் நேர்வதென்ன என்பதற்கு வேல்சின் அபர்வான் கிராமம் சான்று. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, நிலக்கரிச் சுரங்கக் கழிவுமேடு சரிந்து 144 பேர் மாண்டனர். அவர்களுள் 116 பேர் சிறுவர். நீரூற்றின்மேற் குவிக்கப்பட்ட அம்மேடு பற்றிய அச்சத்தை உள்ளூரார் முன்னரே எழுத்தில் தெரிவித்திருந்தனர். அங்கு மக்களும் மொழியறிவு குன்றியவரல்லர். நாடும் விஞ்ஞானத்திற் பின்தங்கியதன்று. தொழிலாளர் கிராமத்தின் குரலுக்கு நிருவாகத்திடம் மதிப்பிருக்கவில்லை.

கலை வடிவங்கள் குறித்தும் ஒன்று கூறவேண்டும். காமன் கூத்து முதலிய மலையக வடிவங்களில் விஞ்ஞானச் செய்தியைப் புகுத்தினால் அது பரவிவிடும் என நம்புவோர் உளர். வடிவம் மட்டும் பயன்தராது. 1962இல் மலையாளத்தில் விஞ்ஞானம் எழுதுவோரின் அமைப்பாகத் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், கலைப் பயணங்களால் வெற்றி கண்டதற்குக் காரணம், காடு, சுகாதாரம், கல்வி என மக்களின் வாழ்வுப் பிரச்சினைகளை விஞ்ஞானத்தோடு இணைத்தமையே. நமது கூத்தும் மழையளவை மட்டும் பாடினாற் போதாது. லயன் ஏன் அச்சரிவில் நிற்கின்றது என்றும் கேட்க வேண்டும்.

மீரியபெத்தையில் பாதிக்கப்பட்டோருக்கென மக்கல்தெனியவில் 75 வீடுகள் ஒப்படைக்கப்பட்டது 2016இல். அனர்த்தத்திற்குப் பின் கிடைத்த காணியும் வீடும் அதற்கு முன் கிடைத்திருந்தால் எச்சரிக்கை பயன்பட்டிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போதும் பதுளை உள்ளிட்ட மலையக மாவட்டங்களிலே மண்சரிவுகள் பேரழிவை விளைத்தன. பிரச்சினை இன்னும் தீரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இத்துறையிற் பல்கலைக்கழகத்தார் செய்யத்தக்க பணிகள் உள. மலையும் நீரும் மண்ணும் பற்றித் தோட்ட மக்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்து, கலைச்சொல்லாக்கத்திற்கு அவற்றை அடிப்படையாக்கலாம். தோட்டப் பாடசாலைகளில் மழையளத்தலைப் பாடத்தின் பகுதியாக்கத் துணைபுரியலாம். மக்கள் காணும் அறிகுறிகள் தோட்ட அலுவலகத்தின் தயவின்றி நேரே நிபுணரை எட்டும் வழியைக் கோரலாம். அவ்வாறு செய்கையில், பாதுகாப்பான காணிக்கும் வீட்டுரிமைக்குமான தொழிலாளரின் கோரிக்கையை விஞ்ஞானத்துக்குப் புறம்பான அரசியல் என ஒதுக்குதல் கூடாது. எச்சரிக்கையைக் கேட்டவர் கால்வைத்துச் செல்வதற்கு ஓரிடம் இருக்கவேண்டுமென்பது அவ்விஞ்ஞானத்தின் பயன்பாட்டுக்கே முதல் நிபந்தனையாகும்.