ஓராண்டு அமெரிக்கப் பள்ளிப் படிப்பு: லாபமா? நஷ்டமா?
மதுரைப் பெற்றோர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு!

மதுரை:

போக வர விமான டிக்கெட் இலவசம். தங்குவதற்கு வீடு இலவசம். மூன்று வேளைச் சாப்பாடு இலவசம். அமெரிக்காவில் ஓராண்டு பள்ளிப் படிப்பு!

இப்படி ஒரு வாய்ப்பு வீட்டுக் கதவைத் தட்டினால் வேண்டாம் என்று சொல்லும் தகப்பன் மதுரையில் இருக்கிறாரா?

"எம் மவ அமெரிக்கா போறா" என்று மாசி வீதி முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்!

ஆனால் இந்த இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு. அது ரூபாயில் இல்லை. ஒரு முழு வருடத்தில் இருக்கிறது.

ஆம்புலன்சில் பிறந்த திட்டம்!

பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இரண்டு உலகப் போர்கள் இருக்கின்றன.

1915-ல் முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் காயம்பட்ட சிப்பாய்களைத் தூக்கிச் செல்ல அமெரிக்க வாலிபர்கள் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். அந்த அமைப்பின் பெயர் அமெரிக்கன் பீல்டு சர்வீஸ். சுருக்கமாக ஏ.எப்.எஸ்.

இரண்டாம் உலகப் போரும் முடிந்தது. பிணங்களைப் பார்த்துச் சலித்தவர்கள், "சின்ன வயசிலேயே ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தால், பெரியவனாகித் துப்பாக்கி தூக்க மாட்டான்" என்று கணக்குப் போட்டார்கள். 1947-ல் 10 நாடுகளில் இருந்து 52 மாணவர்கள் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வந்தார்கள். அதுதான் ஆரம்பம்.

ரோட்டரி சங்கங்களும் இதே போன்ற மாணவர் பரிமாற்றத்தை உலகம் முழுவதும் நடத்துகின்றன.

2001 செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க் இரட்டைக் கோபுரம் தகர்க்கப்பட்டது. அதன் பிறகு எட்வர்டு கென்னடி, ரிச்சர்டு லூகர் என்ற இரண்டு செனட்டர்களின் முயற்சியால், முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்காக அமெரிக்க அரசே செலவை ஏற்கும் திட்டம் வந்தது. அதன் பெயர் 'யெஸ்'. 2003-ல் முதல் அணி போய் இறங்கியது. இந்தியாவில் இருந்தும் மாணவர்கள் இதில் போயிருக்கிறார்கள்.

நியூயார்க் அல்ல, சோளக்காடு!

அமெரிக்கா என்றதும் வானத்தைத் தொடும் கட்டிடம்தான் நம் பிள்ளைகள் கண்ணில் நிற்கிறது. போய் இறங்கினால் கதை வேறு!

பரிமாற்ற மாணவன் எந்த ஊருக்குப் போவது என்பது, எந்தக் குடும்பம் அவனை ஏற்றுக் கொள்கிறது என்பதைப் பொறுத்தது. பலருக்குக் கிடைப்பது சின்ன ஊர்தான். அயோவா, நெப்ராஸ்கா மாநிலங்களில் கண்ணுக்கு எட்டிய தூரம் சோளக்காடு. நம் மேலூர், உசிலம்பட்டியை விடச் சிறிய ஊரும் உண்டு.

மேலூரிலாவது நினைத்த நேரம் பஸ் ஏறி மாட்டுத்தாவணி வந்து விடலாம். அங்கே பல ஊர்களில் டவுன் பஸ்சே கிடையாது. கார் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி! பரிமாற்ற மாணவர்கள் கார் ஓட்டக் கூடாது என்பது பெரும்பாலான அமைப்புகளின் கண்டிப்பான விதி. ஒரு சோப்பு வாங்க வேண்டும் என்றாலும் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா?

வரவேற்கும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. வாடகையும் கிடையாது. ஜே-1 விசாவில் வரும் மாணவரைக் காசு வாங்காமல்தான் வைத்துக் கொள்ள வேண்டும் என்பது விதி. முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டு ஒரு படுக்கையும் தருகிறார்கள் என்றால் அது பெரிய மனசுதான்.

ஆனால் அவன் அந்த வீட்டில் விருந்தாளி அல்ல. வீட்டுப் பிள்ளை! தன் துணியைத் தானே துவைக்க வேண்டும். சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டும். குப்பையை வெளியே வைக்க வேண்டும். புல் வெட்டச் சொன்னால் வெட்ட வேண்டும்.

"எங்க வீட்ல தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டானே!" என்று அம்மா இங்கே கண்ணைக் கசக்குவார். அங்கே பையன் ஒரே மாதத்தில் பாத்திரம் கழுவப் பழகியிருப்பான்.

நம் பிள்ளைகளைத் திணற வைப்பது இன்னொன்று. நாற்பது, ஐம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். மாமா, அத்தை, சித்தப்பா, மதினி என்று முறை வைத்தே பேசிப் பழகிய மதுரை நாக்குக்கு அது லேசில் வராது.

சாப்பாடு அடுத்த சோதனை. சைவப் பிள்ளைகள் ரொட்டியையும் நிலக்கடலை வெண்ணெயையும் வைத்து நாளை ஓட்டுவது உண்டு. "சைவம்" என்று சொன்னால் போதாது. மீன், முட்டை உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விளங்க வைக்க வேண்டும்!

மணி அடித்தால் மாணவன் ஓடுகிறான்!

அதிகாலையில் மஞ்சள் நிற ஸ்கூல் பஸ் வரும். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு மாணவனுக்கும் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி. பூட்டுக்குச் சாவி இல்லை, எண்தான்! எண் மறந்தால் புத்தகம் உள்ளே, மாணவன் வெளியே.

இங்கே மணி அடித்தால் வாத்தியார் வகுப்பு மாறுகிறார். அங்கே வாத்தியார் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார், மாணவர்கள்தான் அறை மாறி ஓடுகிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு வேறு கூட்டம். 'என் வகுப்பு, என் பெஞ்சு, என் சேக்காளி' என்ற சொந்தமே இல்லை.

வாத்தியார் உள்ளே வந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. கேள்வி கேட்டால் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, வாயைத் திறக்க வேண்டும். வாயை மூடி ஒழுங்காக உட்காருவது நம் ஊரில் நல்ல பிள்ளைக்கு அடையாளம். அங்கே, "இவனுக்கு என்னவோ கஷ்டம்" என்று வாத்தியார் கவலைப்படுவார்!

கணக்கோடு சமையலும், தச்சு வேலையும், நாடகமும் பாடமாக எடுக்கலாம். வருடக் கடைசியில் ஒரே பரீட்சை என்பதும் இல்லை. வீட்டுப் பாடம், வாரத் தேர்வு, வகுப்பில் பேசியது எல்லாம் சேர்ந்துதான் மார்க்.

காலையில் கொடி முன் நெஞ்சில் கை வைத்து உறுதிமொழி சொல்வது பல பள்ளிகளில் வழக்கம். ஆனால் எந்த மாணவரையும் அதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-லேயே தீர்ப்பளித்து இருக்கிறது.

நடுநிசி போன்!

முதல் மாதம் எல்லாமே வேடிக்கை. அப்புறம்தான் தொல்லை.

நியூயார்க் பக்கத்து நேரத்துக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். குளிர் காலத்தில் பத்தரை மணி நேரம். இங்கே அப்பா கடை சாத்திவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரத்தில் அங்கே பிள்ளை வகுப்பில் இருக்கும். பிள்ளை பேச உட்காரும்போது இங்கே ஊரே உறங்கும்.

தீபாவளி வரும், போகும். அங்கே அன்றைக்குக் கணக்குத் தேர்வாக இருக்கலாம். தைப் பொங்கலன்று அவனியாபுரத்தில் காளை சீறும். அங்கே ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடக்கும். அழகர் ஆற்றில் இறங்குவதைச் செல்போனில்தான் பார்க்க வேண்டும்.

"அம்மா, நான் வந்துர்றேன்" என்று ஒரு தடவையாவது அழாத பிள்ளை அபூர்வம். தினமும் போன் செய்யாதீர்கள், பிள்ளை அங்கே ஒட்டாது என்று அனுப்பும் அமைப்புகள் பெற்றோருக்குச் சொல்கின்றன. பிள்ளையைவிடத் தாய்க்குத்தான் இது பெரிய பரீட்சை!

இரண்டு சோகங்கள்

மறைக்காமல் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. துப்பாக்கி!

1992 அக்டோபர் 17-ந் தேதி. லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜ் நகரம். ஜப்பானில் இருந்து ஏ.எப்.எஸ். மூலம் வந்திருந்த 16 வயது மாணவன், விருந்துக்குப் போகும்போது வீடு மாறி வேறு கதவைத் தட்டிவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து "அசையாதே" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அந்தச் சொல் பையனுக்கு விளங்கியிருக்காது என்று அப்போது பேசப்பட்டது. குண்டு பாய்ந்து இறந்தான். சுட்டவரை 1993-ல் ஜூரிகள் விடுதலை செய்தார்கள்.

மகனைப் பறிகொடுத்த பெற்றோர் பழி வாங்கக் கிளம்பவில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். மகன் பெயரில் நிதி வைத்து, அமெரிக்கப் பள்ளி மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைத்துப் படிக்க வைத்தார்கள்!

2018 மே 18-ந் தேதி. டெக்சாஸ் மாநிலம் சான்டா பே உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் சுட்டதில் 10 பேர் பலி. அதில் ஒருவர் பாகிஸ்தானின் கராச்சியில் இருந்து 'யெஸ்' திட்டத்தில் வந்திருந்த 17 வயது மாணவி. இன்னும் சில வாரங்களில் ஊர் திரும்ப இருந்தவர்.

போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படி நேர்ந்து விடுவதில்லை. ஆயிரக் கணக்கானோர் பத்திரமாகத் திரும்புகிறார்கள். ஆனால், கையெழுத்துப் போடும் முன்பு பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வருடம் எங்கே போனது?

இப்போது விலைக்கு வருவோம்.

இங்கே பள்ளி ஜூனில் திறக்கிறது. அங்கே ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் திறந்து மே, ஜூனில் முடிகிறது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஆகஸ்டில் விமானம் ஏறினால், பிளஸ்-1 வகுப்பு முழுவதும் போச்சு! திரும்பி வரும்போது கூடப் படித்தவர்கள் பிளஸ்-2 பெஞ்சில் இருப்பார்கள்.

ஓராண்டு பரிமாற்றத்துக்கு டிப்ளமா சான்றிதழ் தருவோம் என்று அமைப்புகள் உறுதி தருவதில்லை. அங்கே படித்ததை இங்கே எந்த வகுப்பாக எடுத்துக் கொள்வது என்பதைப் போர்டும் பள்ளியும்தான் சொல்ல வேண்டும். இதை விமானம் ஏறும் முன்பே எழுத்து மூலம் கேட்டு வாங்கிக் கொள்வது நல்லது.

டாக்டர் கனவு உள்ள வீட்டில் இன்னும் சிக்கல். 'நீட்' தேர்வு வழக்கமாக மே மாதம். அதற்குப் பயிற்சி எடுக்க வேண்டிய வயதில் பிள்ளை அங்கே நாடக ஒத்திகையில் இருக்கும்.

"ஒரு வருஷம்தானே, போனாப் போகுது" என்பார் தாத்தா. "கூடப் படிச்சவ காலேஜுக்குப் போறப்ப இவ ஸ்கூல் பையோட நிக்கணுமா?" என்பார் தாய். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

லாபக் கணக்கு

பதினாறு வயதில் தனியாக ஓராண்டு சமாளித்த பிள்ளைக்குப் பயம் விட்டுப் போகிறது. நாலு பேர் முன்னால் எழுந்து பேச வருகிறது. தன் வேலையைத் தானே செய்யப் பழகுகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. "உங்க ஊர் எது? அங்கே என்ன விசேஷம்?" என்று அங்கே எல்லோரும் கேட்பார்கள். மீனாட்சி அம்மன் கோவிலைப் பற்றி ஐந்து நிமிடம் பேசத் தெரியவில்லையே என்று அப்போதுதான் உறைக்கும். சொந்த ஊரைப் படிக்க ஆரம்பிப்பது அங்கே போன பிறகுதான்!

இந்தப் போக்குவரத்து மதுரைக்குப் புதிதும் அல்ல. அமெரிக்க மிஷனரிகள் 1834-லேயே இங்கே வந்து விட்டார்கள். 1881-ல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி 1909-ல் கோரிப்பாளையத்துக்கு மாறியது. பின்னர் ஓபர்லின் கல்லூரிப் பட்டதாரிகள் அங்கே வந்து ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் மதுரையில் ஓராண்டு தங்கித் தமிழ் படித்தார்கள். அவர்களும் இட்லிக்குப் பழகி, வெயிலுக்கு வாடி, வீட்டை நினைத்து ஏங்கியவர்கள்தான்!

ஏமாறாமல் இருக்க...

ஜே-1 பள்ளி விசாவுக்கு வயது 15 நிறைந்திருக்க வேண்டும். பதினெட்டரையைத் தாண்டக் கூடாது. அதிகபட்சம் ஒரு கல்வி ஆண்டுதான். பள்ளியும், தங்கும் வீடும் முடிவாகி இருக்க வேண்டும். அந்த வீட்டில் உள்ள பெரியவர்கள் மீது குற்ற வழக்கு உண்டா என்று விசாரித்திருக்க வேண்டும். உள்ளூர்ப் பொறுப்பாளர் மாதம் ஒரு முறையாவது மாணவரிடம் பேச வேண்டும். வீடு ஒத்துவராவிட்டால் அவரிடம் சொல்லி வேறு வீடு கேட்கலாம். பயந்து வாயை மூடிக் கொண்டிருக்கக் கூடாது.

எப்-1 விசாவில் அரசுப் பள்ளியில் சேர்ந்தால் முழுச் செலவையும் கட்ட வேண்டும். அதுவும் 12 மாதம்தான். "நாலு வருஷம் அரசுப் பள்ளியில் இலவசமாப் படிக்கலாம்" என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால் நடையைக் கட்டுங்கள்!

அமைப்பின் பெயர் அமெரிக்க வெளியுறவுத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலின்போது, படித்து முடித்து ஊர் திரும்புவேன் என்பதைப் பிள்ளையே தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்களின் சமூக வலைத்தளப் பக்கங்களையும் திறந்து வைக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். விளையாட்டுக்குப் போட்ட பதிவும் கேள்வியாகலாம்!

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி. போக ஆசைப்படுவது பிள்ளையா, பெற்றோரா?

பக்கத்து வீட்டுக்காரர் மெச்ச வேண்டும் என்று அனுப்பினால் அந்த ஒரு வருடம் நஷ்டக் கணக்கில்தான் எழுதப்படும். பிள்ளை தானாக ஆசைப்பட்டு, இழப்பதையும் தெரிந்துகொண்டு கிளம்பினால், அது முதலீடு!