ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் அணைந்துவிடுகிறதா?

நம் பகுதியில் பழைய கார் ஒன்றை வாங்கி, அதை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்தும் சகோதரர்கள் பலர். வண்டி ஒரு நாள் நின்றால் அவர்கள் வீட்டில் அன்றைய வருமானமும் நின்றது. அவர்கள் அடிக்கடி சொல்லும் கோளாறு ஒன்று உண்டு. நிற்கும்போது என்ஜின் சீராக ஓடுகிறது. சிக்னல் விழுந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் இரண்டு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடுகிறது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில், பின்னால் லாரி வரும் நேரத்தில் இப்படி ஆனால் என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் பெரும்பாலான கார்களில் என்ஜினிலிருந்தே வருகிறது. என்ஜின் அணைந்த பிறகு ஓரிரு மிதிக்கு மட்டுமே அது மிஞ்சியிருக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். ஆகவே விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். ஸ்டீயரிங்கும் கனக்கும், ஆனால் திரும்பும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, நியூட்ரலில் ஓரம் கட்டுங்கள். வண்டி உருளும்போது சாவியை உருவி எடுக்கவே கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

இனி கோளாறுக்கு வருவோம். நெஞ்சுக் கோளாறு உள்ளவர் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது; மாடிப்படி ஏறினால்தான் மூச்சு வாங்கும். என்ஜினும் அப்படித்தான். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், அதைப் பற்றவைக்கத் தீப்பொறி வேண்டும். ஐடிலிங்கில் தேவை சொற்பம் என்பதால் பாதி அடைத்த ஃபில்டரும் சமாளித்துவிடும். மிதித்ததும் தேவை பல மடங்காகிறது. பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றில் எது பின்தங்குகிறதோ அங்கேதான் கோளாறு.

எது என்பதை, வண்டி எப்போது அணைகிறது என்பதே பெரும்பாலும் சொல்லிவிடும். கால் வைத்த அந்த நொடியிலேயே அணைந்தால் காற்று வரும் வழியைப் பாருங்கள்: கரி படிந்த திராட்டில் பாடி, வெடித்த வேக்குவம் ஹோஸ், திராட்டில் சென்சார். பழைய ஆம்னி, மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டியானால், மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் சின்ன பம்பின் ரப்பர் கிழிந்திருக்கலாம். அதற்கு மாறாக, பாலம் ஏறும்போதோ ஐம்பது அறுபதைத் தாண்டும்போதோ இழுவை மெல்ல மெல்லக் குறைந்து அணைந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள்; ஃபில்டர், டேங்குக்குள் இருக்கும் பம்ப், அதன் அடியில் உள்ள வலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெட்டி வெட்டி இழுத்து, மழை நாளில் இன்னும் மோசமானால் ஸ்பார்க் பிளக்கோ காயிலோ காரணமாக இருக்கும். மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த நெருக்கத்தில் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும், தளர்ந்த காயிலால் அதைத் தர முடியாது. சூடானால் அணைந்து, கால் மணி நேரம் ஆறினால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும் வண்டியில் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள்.

சிஎன்ஜி பொருத்திய வண்டிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். கோளாறு மறைந்தால் அது கேஸ் பக்கத்தில் இருக்கிறது. இரண்டிலும் வந்தால் பெட்ரோல் பம்பில் கைவைக்கத் தேவையில்லை.

ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது நோயின் அறிகுறியைத்தான் காட்டும், மாற்ற வேண்டிய பாகத்தை அல்ல. பி0171 என்று வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று மட்டுமே பொருள். வெடித்த ஹோஸும் அதற்குக் காரணமாகலாம், பலவீனமான பம்பும் ஆகலாம், ஃபில்டரும் ஆகலாம். கோடைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பம்பை மாற்றச் சொன்னால், கேஜ் வைத்து பெட்ரோல் பிரஷர் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். ஏர் ஃபில்டர், ஹோஸ், திராட்டில் பாடி சுத்தம், பிளக் என்று செலவு குறைந்தவற்றை முதலில் பார்ப்பதே முறை. புதுப்பேட்டையில் பழைய கதவும் பம்பரும் வாங்கலாம். பழைய பம்பும் சென்சாரும் வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு, தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை வரை வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் கூறியது. ஆகவே பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள், அது தீ விபத்துக்கும் வழி. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காமல், முதலில் டேங்கை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எப்போதும் கால் டேங்குக்குக் குறையாமல் வைத்திருப்பதும் நல்லது. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

பெட்ரோல் போட்ட அன்றே கோளாறு தொடங்கினால் பில்லை எறிந்துவிடாதீர்கள். பங்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்பது வாடிக்கையாளர் உரிமை, அதற்குக் கட்டணம் இல்லை. தாளில் ஒரு சொட்டு விட்டால் சுத்தமான பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகிவிடும். தண்ணீரை இந்தத் தாள் காட்டாது; அந்தச் சந்தேகம் இருந்தால் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் பார்க்கும் பேஸ்ட் தடவிய கோலை விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிட்டு, இஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்கிறதா, டர்போ ஹோஸ் கழன்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வேகத்தில் அணைந்தது, என்ஜின் சூடாக இருந்ததா, ஏசி ஓடியதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், கடைசியாக எங்கே போட்டது. மாற்றிய பழைய பாகத்தையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.