ஆயுளில் ஒரே முறை: போர் விமானியைத் தேர்ந்தெடுக்கும் கருவிகள்

இந்திய விமானப்படையில் விமானியாக விரும்புகிறவரின் தொடை நீளத்தை அளப்பார்கள். 64 சென்டிமீட்டரைத் தாண்டினால் விமானம் ஓட்டும் பிரிவில் இடமில்லை. உட்கார்ந்த நிலையில் உயரம் 81.5 முதல் 96 செ.மீ.க்குள், காலின் நீளம் 99 முதல் 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். படிப்பில் முதல் மாணவனாக இருந்தும் இந்த அளவில் தவறிப்போன பிள்ளையின் பெற்றோருக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. விமானம் கைமீறிப் போகும்போது விமானி கைப்பிடியை இழுப்பார். இருக்கை அவரையும் சேர்த்துக்கொண்டு ராக்கெட் வேகத்தில் மேலே பாயும். தொடை நீளமாக இருந்தால் அந்த நொடியில் முழங்கால் எதிரே உள்ள பலகையில் மோதி நொறுங்கும். கால் குட்டையென்றால் பெடலை முழுவதும் மிதிக்க முடியாது. விமானத்தின் அறையை ஆளுக்கு ஏற்றபடி மாற்ற வழியில்லை. அதனால் அறைக்கு ஏற்ற ஆளைத் தேடுகிறார்கள்.

உடலை மருத்துவர்கள் அளப்பதற்கு முன்பே கையையும் கவனத்தையும் கருவி அளந்துவிடும். பல பத்தாண்டுகளாக இருந்த பழைய தேர்வுக்குப் பதிலாக, நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய கணினிவழி விமானித் தேர்வு முறை இப்போது நடப்பில் இருக்கிறது. மாணவர்கள் இதை 'சி.பி.எஸ்.எஸ்.' என்பார்கள். விமானப்படைக்கு மட்டுமல்ல, கடற்படை விமானிகளுக்கும் இதே தேர்வுதான்.

இந்த வகைச் சோதனையின் அடிப்படை மிக எளியது. திரையில் ஒரு புள்ளி நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். கையில் ஜாய்ஸ்டிக், காலடியில் பெடல்கள். இரண்டையும் சேர்த்து இயக்கி அந்தப் புள்ளியைக் கட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். கை பழகுகிற நேரத்தில் ஓரத்தில் விளக்கு எரியும். இன்னொரு கையால் அதை அணைக்க வேண்டும். காதில் ஒலி கேட்கும்; அதையும் நிறுத்த வேண்டும். விளக்கைப் பார்க்கத் திரும்பிய கணத்தில் புள்ளி கட்டத்தை விட்டு ஓடிவிடும். நான்கு வேலைகளுக்கு நடுவே எதையும் கைவிடாமல் இருக்கிறவர் யார் என்பதுதான் கேள்வி. காக்பிட்டில் ரேடியோவும் எரிபொருள் முள்ளும் எதிரி விமானமும் ஒரே நேரத்தில் கவனம் கேட்கும்.

இந்தத் தேர்வை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுதலாம். ஒரு தடவை தோற்றவர் மறுபடி விமானிப் பிரிவுக்கு வர முடியாது. கடுமையான விதிதான், ஆனாலும் சரியான விதி என்றே நான் நினைக்கிறேன். முன்பின் தெரியாத ஒன்றைக் கையில் கொடுத்தால் எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்கிறார் என்பதைத்தான் கருவி பார்க்கிறது. இரண்டாம் முறை உட்காருகிறவரிடம் அது அளப்பது திறமையை அல்ல, பழக்கத்தை. பழக்கத்தால் தேறியவர் வானத்தில் புதிதாக ஒன்று நேரும்போது தடுமாறுவார். ஜாய்ஸ்டிக் வாங்கி வைத்துப் பயிற்சி தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள் இதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

தேர்வான பிறகு பயிற்சிக் கருவிகளின் முறை. இதற்கெல்லாம் முன்னோடி 1929-இல் அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் பிறந்தது. எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம் அங்கே பியானோவும் ஆர்கனும் செய்துவந்தது. ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளை வைத்தே, சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு சின்ன விமானக் கூண்டை அவர் செய்தார். வேடிக்கைப் பூங்காக்கள் வாங்கின; ராணுவம் கண்டுகொள்ளவில்லை. 1934-இல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகே ஆறு கூண்டுகளை வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானவர்கள் அதில் பழகினார்கள்.

மேகத்துக்குள் விமானி ஏன் சாகிறார்? உட்காதில் இருக்கும் நீர் பொய் சொல்வதால். ராட்டினத்தில் சுற்றி இறங்கியவர்களுக்கு இது தெரியும்: கால் தரையில் நின்றாலும் உலகம் சுற்றும். ஒரே வேகத்தில் சில நொடிகள் திரும்பிக்கொண்டே இருந்தால், காது அந்தத் திருப்பத்தை மறந்துவிடும். விமானத்தை நேராக்கியதும் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். அதை நம்பித் திருத்தினால் தரைதான். பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்-விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் விமானிகளை இந்த மயக்கத்துக்குள் வேண்டுமென்றே தள்ளிப் பழக்குகிறார்கள். உடம்பு கதறினாலும் கண் கருவியை விட்டு நகரக்கூடாது என்பதே பாடம்.

அதே இடத்தில் நீண்ட கையோடு சுழலும் ஓர் எந்திரமும் இருக்கிறது. போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது 9 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு வரை விசை ஏறும். 70 கிலோ உடம்பு அப்போது 630 கிலோவாகக் கனக்கும். ரத்தம் காலுக்கு இறங்கும்; முதலில் நிறங்கள் மங்கும், பிறகு பார்வை போகும், அடுத்து நினைவு தப்பும். தொடையையும் வயிற்றையும் இறுக்கி, சுமார் மூன்று நொடிக்கு ஒரு தடவை சட்டென மூச்சை மாற்றிப் பிடிப்பதுதான் தப்பும் வழி. இதைத் தரையிலேயே கற்றுக்கொள்ள அந்தச் சுழலும் எந்திரம் உதவுகிறது.

கருவி சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் விலை கொடுத்துக் கற்றோம். ஆரம்பப் பயிற்சிக்கு இருந்த எச்.பி.டி.-32 விமானத்தில் வெளியே பாயும் இருக்கை கிடையாது. அடுத்தடுத்த விபத்துகளுக்குப் பிறகு 2009-இல்தான் அது நிறுத்தப்பட்டது. அந்த வசதியுள்ள சுவிஸ் பிலாட்டஸ் விமானங்கள் 2013-இல் ஐதராபாத் அருகே துண்டிகல் அகாடமிக்கு வந்தன. நான்கு ஆண்டு இடைவெளி மிக நீண்டது.

இத்தனைக்குப் பிறகும் 'இவர் தனியாகப் பறக்கலாம்' என்று முடிவெடுப்பது கூடப் பறக்கும் ஆசிரியர்தான். அந்த ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் நம் தாம்பரத்தில் இயங்குகிறது.

தேர்வுக்குப் போகிற தம்பி, தங்கைகளுக்கு: முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். அங்கே சொல்லும் விளக்கத்தைக் கவனமாகக் கேளுங்கள், புரியாவிட்டால் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கருவி உங்களை வேண்டாம் என்றாலும் விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவும் தரைப்பணிப் பிரிவும் உங்களுக்கு மூடப்படுவதில்லை.